அடுக்கு மைனஸிலோ பின்னத்திலோ வந்தால் ஈருறுப்பு விரிவு ஏன் முடிவதில்லை?

காரைக்குடியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "ஒன்று கூட்டல் எக்ஸ், அடுக்கு 5 என்றால் ஆறு உறுப்போடு விரிவு முடிகிறது. அடுக்கு மைனஸ் 1 என்றாலோ ½ என்றாலோ முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஐந்து பொருளிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அரைப் பொருளிலிருந்து மூன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? எக்ஸின் மட்டு மதிப்பு 1ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதற்கு? எங்கள் வீட்டில் பழைய வட்டிக் கணக்குப் பேரேடுகள் இருக்கின்றன. அந்தக் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா சார்?"

உண்டு தம்பி. அங்கிருந்து தொடங்கினால்தான் நிபந்தனை எதற்கு என்பதும் சட்டென்று பிடிபடும். அதற்கு முன் சூத்திரத்தை ஒருமுறை எழுதிவிடுகிறேன். எக்ஸ் என்ற இடத்தில் 'ச' என்றும், அடுக்குக்கு 'அ' என்றும் போடுகிறேன். ^ குறிக்குப் பின்னால் வருவது அடுக்கு.

(1 + ச)^அ = 1 + அ·ச + [அ(அ−1)/2]·ச² + [அ(அ−1)(அ−2)/6]·ச³ + …

முதலில் எது மாறவில்லை என்று பாருங்கள். அ = 5 என்று போட்டால் கெழுக்கள் 1, 5, 10, 10, 5, 1. ஏழாவது உறுப்பின் கெழுவில் (அ−5) என்ற காரணி வருகிறது, அது பூஜ்யம். அதற்குப் பின்னால் வரும் எல்லா உறுப்பிலும் அந்தப் பூஜ்யம் ஒட்டிக்கொண்டே வரும். ஆக, அங்கேயும் தொடர் முடிவில்லாமல் போகத்தான் செய்கிறது. போகும் இடமெல்லாம் பூஜ்யம் என்பதால் நாம் எழுதுவதில்லை, அவ்வளவுதான். அ = −1 என்றால் காரணிகள் −1, −2, −3 என்று கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், பூஜ்யத்தைச் சந்திக்க வழியே இல்லை. அ = ½ என்றால் காரணிகள் ½, −½, −3/2, −5/2. அரையிலிருந்து மைனஸ் அரைக்குத் தாவும்போது பூஜ்யத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. அதனால்தான் நிற்பதில்லை. முழு எண்ணும் மிகை எண்ணுமாக இருக்கும் அடுக்குக்கும், பூஜ்யத்துக்கும் மட்டுமே நிற்கிற பாக்கியம் உண்டு.

இனி வட்டி. அடுத்த வருஷம் இதே தேதியில் உங்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வர வேண்டியிருக்கிறது. வட்டி வருஷத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. அந்தத் தொகை இன்றைக்கே வேண்டும் என்றால் எவ்வளவு வாங்கிக்கொள்வது நியாயம்? விடை 1,00,000 ÷ 1.12, அதாவது ஒரு லட்சம் பெருக்கல் (1.12)^−1. வகுத்தல் போடாமல் மனக்கணக்காகப் பார்ப்போம்.

முதலில் தோன்றுவது, லட்சத்துக்குப் பன்னிரண்டாயிரம் கழித்து 88,000 என்பது. சரிபார்ப்போம். 88,000க்கு ஒரு வருஷ வட்டி 10,560. இரண்டும் சேர்ந்து 98,560தான் ஆகிறது, 1,440 குறைகிறது. ஏன் குறைந்தது? வட்டியை லட்சத்துக்குக் கணக்குப் போட்டுக் கழித்தோம், ஆனால் வட்டி வளர்வது 88,000 மேல். சரி, குறைந்த 1,440ஐ முதலோடு சேர்த்து 89,440 என்று கொள்வோம். இப்போது வருஷக் கடைசியில் 1,00,172.80 வருகிறது. சேர்த்த 1,440க்கும் வட்டி வருமே, அந்த 172.80 கூடிவிட்டது. அதைக் கழித்தால் 89,267.20, வருஷக் கடைசியில் 20 ரூபாய் 74 பைசா போலக் குறைகிறது. அதைச் சேர்த்தால் 89,287.94, இப்போது இரண்டரை ரூபாய் கூடுதல். சரியான விடை 89,285.71.

நாம் செய்ததை வரிசையாக எழுதினால்:

1,00,000 × (1 − 0.12 + 0.12² − 0.12³ + 0.12⁴ − …)

அ = −1 என்று சூத்திரத்தில் போட்டால் வருவது அச்சாக இதே தொடர். ஒவ்வொரு உறுப்பும் முந்தைய உறுப்பின் தவறைத் திருத்த வந்தது. ஒவ்வொரு முறையும் மிஞ்சுகிற பிழை, முந்தைய பிழையில் 12 சதவீதம்: 12,000, பிறகு 1,440, 172.80, 20.74 என்று தேய்கிறது.

நிபந்தனையின் ரகசியம் முழுக்க இந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. வட்டி வருஷத்துக்கு 200 சதவீதம் என்று ஒரு கொடுமைக்காரர் கேட்கிறார் என்று வையுங்கள். ச = 2. சரியான விடை ஒரு லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, 33,333 ரூபாய். நம் வழியில் போனால் முதல் திருத்தமே இரண்டு லட்சத்தைக் கழிக்கச் சொல்கிறது. அடுத்தது நான்கு லட்சம் சேர்க்கச் சொல்லும், அதற்கடுத்தது எட்டு லட்சம் கழிக்கச் சொல்லும். லட்சக் கணக்கில் 1, −1, 3, −5, 11, −21 என்று தாறுமாறாகப் போகும். திருத்தம் ஒவ்வொன்றும் தான் திருத்த வந்த பிழையைப் போல இரண்டு மடங்கு பிழையைக் கொண்டுவருகிறது. 33,333 என்ற விடை இருக்கத்தான் செய்கிறது, இந்தத் தொடரால் அங்கே போய்ச் சேர முடியவில்லை. பல மாணவர்கள் "மட்டு மதிப்பு 1ஐத் தாண்டினால் விடையே கிடையாது" என்று எழுதிவிடுகிறார்கள். இடதுபக்கம் நன்றாகவே இருக்கிறது, வலதுபக்கம்தான் ஒருங்காமல், அதாவது ஒரே மதிப்பை நெருங்கிச் சேராமல், போகிறது.

இயற்கணிதமாக வேண்டுமானால்: 1 − ச + ச² − ச³ என்பதை (1 + ச) ஆல் பெருக்குங்கள். நடுவில் எல்லாம் அடிபட்டு 1 − ச⁴ வரும். எத்தனை உறுப்பு எடுத்தாலும் கடைசியில் ச இன் ஒரு பெரிய அடுக்கு மட்டும் மிஞ்சும். ச ஒன்றுக்குள் இருந்தால் அது பூஜ்யத்தை நோக்கிப் போகும், இல்லாவிட்டால் போகாது. இதுதான் பத்தாம் வகுப்பில் படித்த முடிவிலாப் பெருக்குத் தொடர்.

நகரத்தார் பேரேடுகளில் இந்தத் தொடர் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்தவர்களுக்கு வாய்பாடும் பின்னக் கணக்கும் தலைகீழ்ப் பாடம். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் முதலில் தேற வேண்டியதே அதில்தான். அவர்களுக்கு நியூட்டன் தேவைப்படவில்லை. ஆனால் பிழையைத் திருத்தி, திருத்தத்தைத் திருத்தி நெருங்கும் இந்த யோசனை நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. கேரளத்தில் சங்கமகிராம மாதவரின் வழிவந்த கணிதர்கள், வட்டத்தின் சுற்றளவுக்கான தொடரைக் காண இதே 1 ÷ (1 + ச) விரிவைத்தான் திருத்தம் மேல் திருத்தமாகச் செய்து பெற்றார்கள். 1530 வாக்கில் ஜேஷ்டதேவர் அதை மலையாளத்தில் விளக்கமாக எழுதியும் வைத்திருக்கிறார்.

இனி உங்கள் உண்மையான சந்தேகம், அரையிலிருந்து மூன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது. தேர்ந்தெடுக்க முடியாது. கெழு என்றால் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை, அதாவது சேர்வு, என்ற பொருள் இங்கே செத்துவிட்டது, கெழுவின் சூத்திரம் மட்டும் உயிரோடு இருக்கிறது. பொருள் இல்லாமல் சூத்திரம் மட்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்பதுதான் முறை, பாடநூலில் அந்த இடத்தை நிரூபணமின்றித் தாண்டிப் போய்விடுவார்கள்.

அ = ½ போட்டால் வருவது இது:

(1 + ச)^½ = 1 + ½·ச − ⅛·ச² + (1/16)·ச³ − (5/128)·ச⁴ + …

அரை, அரைக்கால், மாகாணி என்று நம் பழைய பின்னங்கள் வரிசையாக வந்து நிற்பது ஒரு வேடிக்கை. நான்காவதிலேயே அந்த ஒழுங்கு கெட்டுவிடுகிறது. இது நிஜமாகவே வர்க்கமூலமா என்று பார்க்க ஒரே வழி, இதை இதாலேயே பெருக்குவது. ச இன் கெழு ½ + ½ = 1. ச² இன் கெழு −⅛ − ⅛ + ¼ = 0. ச³ இன் கெழு 1/16 + 1/16 − 1/16 − 1/16 = 0. பெருக்கி வருவது 1 + ச. இன்னும் போகப் போக எல்லாமே பூஜ்யம்தான்.

எல்லாமே பூஜ்யம் என்று எப்படித் தெரியும்? ஆய்லர் கையாண்ட ஒரு வாதம் இருக்கிறது, எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம். அடுக்கு அ கொண்ட தொடரையும் அடுக்கு ஆ கொண்ட தொடரையும் பெருக்குங்கள். பெருக்கலில் வரும் ஒவ்வொரு கெழுவும் அ, ஆ இரண்டிலும் ஒரு பல்லுறுப்புக் கோவை. இரண்டும் மிகை முழு எண்களாக இருந்தால் பெருக்கல் விடை (அ + ஆ) அடுக்குக்கான தொடர் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும், அது சாதாரண ஈருறுப்புத் தேற்றம். அதாவது இரண்டு பல்லுறுப்புக் கோவைகள் எல்லா மிகை முழு எண்களுக்கும் ஒத்துப்போகின்றன. எண்ணற்ற இடங்களில் ஒத்துப்போகும் இரு பல்லுறுப்புக் கோவைகள் வேறு வேறாக இருக்க முடியாது. எனவே அரைக்கும் மைனஸுக்கும் சேர்த்தே ஒத்துப்போக வேண்டும். இப்போது அ, ஆ இரண்டையும் ½ என்று வையுங்கள். அரைத் தொடரும் அரைத் தொடரும் பெருகினால் ஒன்றின் தொடர், அதாவது 1 + ச. முழு எண்களின் உலகத்தில் உண்மையான ஒன்று பின்னங்களின் உலகத்துக்கும் தானாகவே கடந்து போகிறது. அங்கே தேர்ந்தெடுக்கும் வேலை தேவைப்படவில்லை.

நியூட்டனுக்கு இந்த வாதம் கிடைத்திருக்கவில்லை. 1664–65 குளிர்காலத்தில், இருபத்திரண்டு வயதில், ஜான் வாலிஸின் பரப்பளவுக் கணக்குகளைப் படித்துக்கொண்டிருந்தபோது முழு அடுக்குகளுக்கான கெழு வரிசைகளுக்கு நடுவே விடுபட்ட பின்ன அடுக்குகளை இட்டு நிரப்பிப் பார்த்தார். நிரூபணம் எதுவும் இல்லை, பொருத்தம் பார்த்துப் போட்ட ஊகம். பிறகு நாம் மேலே செய்தது போலவே வர்க்கமூலத் தொடரைத் தன்னோடு பெருக்கிச் சரிபார்த்துக்கொண்டார். 1676இல் லைப்னிட்ஸுக்குப் போய்ச் சேரும்படி ஆல்டன்பர்க் என்பவருக்கு எழுதிய இரண்டு கடிதங்களில்தான் இதை வெளியே சொன்னார். ஒருங்குதலையும் சேர்த்து முறையான நிரூபணம் 1826இல் நார்வேக்காரர் ஆபெல் கையால் வந்தது. நிபந்தனை எதற்கு என்று கேட்டீர்களே, அதைக் கணித உலகம் முழுசாகக் கேட்டு முடிக்கவே நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கணக்குப் போடும் வித்தைக்கு வருவோம். மதிப்பெண் போவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான்: அடைப்புக்குறிக்குள் முதலில் 1 நிற்க வேண்டும் என்பதை மறப்பது. (4 + ச)^½ என்று வந்தால் 4ஐ வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும்போது அதுவும் அடுக்கைச் சுமந்துகொண்டுதான் வெளியே வரும், 2 ஆக. மீதி (1 + ச/4)^½. நிபந்தனையும் மாறிவிட்டது: ச/4 இன் மட்டு மதிப்பு 1க்குள், ஆக ச நான்குக்குள். 4 என்றே வெளியே எழுதுகிறவர்கள் பாதிப் பேர், நிபந்தனையைப் பழையபடியே எழுதுகிறவர்கள் மீதிப் பேர்.

65இன் கனமூலம் வேண்டும் என்றால் பக்கத்தில் இருக்கும் 64ஐப் பிடியுங்கள். 65 = 64(1 + 1/64). கனமூலம் 4 × (1 + 1/64)^⅓. அ = ⅓ போட்டால் கெழுக்கள் 1, ⅓, −1/9. விடை 4 × (1 + 0.0052083 − 0.0000271) = 4.020725. நிஜ மதிப்பு 4.0207258. மூன்றே உறுப்பு.

2இன் வர்க்கமூலத்தில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. ச = 1 என்று நேராகப் போட்டால் 1, 1.5, 1.375, 1.4375, 1.398, 1.426 என்று அசைந்து அசைந்து வரும், ஆறு உறுப்பு எடுத்தும் இரண்டாவது தசமம்கூடக் கையில் இல்லை. அதற்குப் பதில் 98 = 49 × 2 என்று கவனியுங்கள். 98இன் வர்க்கமூலம் 7√2. அதே 98, 100(1 − 0.02) ஆகவும் இருக்கிறது. ஆகவே √2 = (10/7) × (1 − 0.02)^½. ச = −0.02 போட்டால் 1 − 0.01 − 0.00005 − 0.0000005 = 0.9899495. பத்தால் பெருக்கி ஏழால் வகுத்தால் 1.4142136, ஏழு தசமம் சுத்தம். சூத்திரம் இரண்டு வழியிலும் ஒன்றுதான். ச எவ்வளவு சின்னது என்பதில்தான் உழைப்பு அடங்கியிருக்கிறது.

வட்டியில் பின்ன அடுக்கு வரும் இடத்தையும் பார்த்துவிடுவோம். நம் பக்கம் "நூத்துக்கு ஒரு ரூபா வட்டி" என்றால் மாதத்துக்கு ஒரு ரூபாய். வருஷத்துக்குப் பன்னிரண்டு என்று வாயால் சொல்லிவிடுகிறோம். மாதா மாதம் வட்டியை முதலில் சேர்த்து வட்டிக்கு வட்டி போட்டால் அது 12.68 ஆகிவிடும். வருஷக் கடைசியில் கணக்காகப் பன்னிரண்டுதான் வர வேண்டும் என்றால் மாத வட்டி எவ்வளவு? (1.12)^(1/12) இல் 1 போக மீதி. அ = 1/12, ச = 0.12. நூறு ரூபாய்க்குப் பைசாவில் சொன்னால்: 100 − 5.5 + 0.42 − 0.04. ஏறத்தாழ 94.9 பைசா. முதல் உறுப்பு சொல்வது ஊர் வழக்கு. அடுத்த உறுப்பு, மாதா மாதம் சேரும் வட்டிக்கும் வட்டி வளர்வதால் ஐந்தரைப் பைசாவைக் குறைக்கச் சொல்கிறது. மீதியெல்லாம் சில்லறை.

இயற்பியலில் இந்தச் சில்லறையை எடுத்துப் பார்ப்பதே இல்லை, முதல் திருத்தத்தோடு நிறுத்திவிடுவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் தொங்கும் பழைய ஊசல் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசலின் அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எஃகுத் தண்டு ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். மார்கழிக்கும் சித்திரைக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் ச = 0.00018. அலைவு நேரம் அதில் பாதி, 0.00009 பங்கு கூடும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. அதனால் கடிகாரம் நாளொன்றுக்கு எட்டு விநாடி போலப் பின்தங்கும். அடுத்த உறுப்பைச் சேர்த்தால் மாறுவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உயரம் கூடும்போது புவியீர்ப்பு முடுக்கம் குறையும் கணக்கில் உங்கள் இயற்பியல் புத்தகம் 1 − 2 × உயரம்/ஆரம் என்று போடுவதும் இதேதான், அடுக்கு −2, முதல் திருத்தம் மட்டும். ஐன்ஸ்டைனின் ஆற்றல் சூத்திரத்தில் வரும் மைனஸ் அரை அடுக்கை விரித்தால், முதல் திருத்தமாகப் பள்ளியில் படித்த இயக்க ஆற்றல், பாதி நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம், அப்படியே எழுந்து வரும்.

சேர்வு செத்துவிட்டது என்று மேலே சொன்னேன். குறை முழு எண்களுக்கு அது வேறு வேஷத்தில் திரும்ப வருவதையும் சொல்லியாக வேண்டும். (1 − ச)^−3 ஐ விரித்தால் 1, 3, 6, 10, 15 என்று கெழுக்கள் வரும், எல்லாம் மிகை முழு எண்கள். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை என்று மூன்று வகைப் பலகாரம் இருக்கிறது, எந்த வகையையும் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். தட்டில் மொத்தம் நான்கு வைக்க எத்தனை வழி? ச⁴ இன் கெழுவைப் பாருங்கள், 15. ஒன்றையே திரும்பத் திரும்ப எடுக்கலாம் என்ற அனுமதியோடு தேர்ந்தெடுப்பது இது. அரைக்கு இப்படி நேரான விளக்கம் கிடையாது.

ச சரியாக 1 அல்லது −1 ஆக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அது அடுக்கைப் பொறுத்தது. ச = 1 என்றால், அடுக்கு −1ஐ விடப் பெரிதாக இருக்கும்வரை தொடர் ஒருங்கும். ச = −1 என்றால் அடுக்கு பூஜ்யமாகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். உங்கள் தேர்வுக்கு இது தேவைப்படாது, கல்லூரியில் வரும்.

கடைசியாக, எத்தனை உறுப்பு எடுப்பது? குறிகள் கூட்டலும் கழித்தலுமாக மாறி மாறி வந்து, உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போனால், விட்டுவிட்ட முதல் உறுப்பைவிடப் பிழை பெரிதாக இருக்காது. 65இன் கனமூலத்தில் விட்ட உறுப்பு, நாலால் பெருக்கிய பிறகு, 0.00000094. பிழையும் அதற்குள்தான். ஆனால் √98இல் செய்தது போல எல்லா உறுப்பும் ஒரே குறியில் வந்தால் இந்த உத்தரவாதம் இல்லை, விட்டதெல்லாம் ஒரே பக்கமாகச் சேரும். அங்கே விட்ட முதல் உறுப்பை 1 ÷ (1 − 0.02) ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், பிழை அதைத் தாண்டாது.